குழாயைக் கழட்டிப் பாத்தீங்களா? – வீட்டு பியர்: பாத்திரமும் சானிடைசரும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுத்திருக்கிறோம். மற்றபடி பேசியது பேசியபடியே.)

போன எபிசோட்ல மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணி, இந்த நாலும் சேர்ந்து எப்படி பியர் ஆகுதுன்னு பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ப்ரோ, எந்த பாத்திரத்துல போடணும், எதை வச்சுக் கழுவணும்?" இன்னிக்கு முழுக்க அதுதான். கேக்க போர் அடிக்கிற டாபிக் மாதிரி இருக்கும். ஆனா இந்த விஷயத்துல நான் செஞ்ச ஒரு தப்புல 26 பாட்டில் சிங்க்ல போச்சு. அதைவிடப் பெருசா ஒரு நல்ல மனுஷன்கிட்ட பேசக் கூடாததைப் பேசிட்டேன். அதையும் சொல்றேன்.

முதல்ல சட்டம். நான் இருக்கிறது சிங்கப்பூர்ல, ஒரு எச்டிபி வீட்டுல, வாடகைக்கு. இங்க 18 வயசு ஆனவங்க வீட்டுல பியர் காய்ச்சலாம். ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டருக்கு மேல கூடாது, விக்கக் கூடாது, காய்ச்சி வடிக்கிற வேலை கூடவே கூடாது. தமிழ்நாட்டுல இருந்து கேக்குறவங்க கவனிங்க: அங்க 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னிக்கும் இருக்கு, வீட்டுல பியர் போடறது குற்றம். "சும்மா அஞ்சு லிட்டர்தானே"ன்னு எனக்கு மெசேஜ் போடாதீங்க. நீங்க இருக்கிற ஊர்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு மேல கேளுங்க. குடிக்கவே வேண்டாம்னு இருக்கிறவங்களும் கேக்கலாம், இது பாதிக்கு மேல பாத்திரம் கழுவுற கதைதான்.

மூணாவது பேட்ச்

நான் ஆரம்பிச்சப்ப ஊரைக் காலி பண்ணிட்டுப் போற ஒருத்தர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினேன். 15 லிட்டர், மூடி, மூடியில ஏர்லாக் மாட்ட ஓட்டை, அடியில ஒரு குழாய். குழாய் இருக்கிறதைப் பாத்துதான் வாங்கினேன். திறந்தா பாட்டில்ல விழும், வேலை சுலபம்னு நினைச்சேன்.

முதல் பேட்ச் லேசா புளிச்சுது. நம்ம ஊர் சூட்டுல அப்படித்தான் ஆகும்னு விட்டுட்டேன். ரெண்டாவது பேட்ச்சும் அதே. அப்புறம் ஈஸ்ட்டை மாத்தினேன். மூணாவது பேட்ச்சைத் திறந்து பாத்தப்ப ஆரஞ்சுத் தோல் வாசனை, சுத்தமான ருசி. மனசுக்குள்ள ஜெயிச்சுட்டோம்னு தோணுச்சு.

அந்த நேரத்துல என்கூடத் தங்கியிருந்த அண்ணனுக்கு வேலை ஒப்பந்தம் முடிஞ்சுது. புதுப்பிக்கல. பத்து வருஷத்துக்கும் மேல இங்க இருந்தவர், திருச்சிக்கே திரும்பிப் போறாரு. அவர் கிளம்புறதுக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி வீட்டுலயே ஒரு சின்ன விருந்து. தேக்காவுல இருந்து மட்டன் வாங்கிட்டு வந்து அவரே சமைச்சாரு. பியர் என் பொறுப்பு. "அண்ணே, இந்தத் தடவ நீங்க குடிக்கிறது வேற லெவல்ல இருக்கும்"னு ஒரு வாரமா சொல்லிட்டு இருந்தேன்.

முதல் பாட்டிலைத் திறந்தேன். நுரை பொங்கி மேசை, தரை, மட்டன் கிண்ணம் எல்லாத்துலயும். ரெண்டாவதும் அப்படியே. பாட்டில்ல மிச்சம் இருந்ததை ருசி பாத்தா பழைய மோர்ல கசப்பு கலந்த மாதிரி. ஆறு பாட்டில் திறந்தேன், ஆறும் அதே.

எட்டு பேர் உக்காந்திருக்காங்க. எனக்கு அவமானம். உடனே ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பத்து நாள் முன்னாடி நான் ஆபீஸ்ல இருந்தப்ப அண்ணன் பக்கெட் மூடியைத் திறந்து பாத்திருக்காரு. அவரே சொன்னதுதான்: "தம்பி, உள்ள எப்படி இருக்குன்னு பாத்தேன், நல்லா நுரை கட்டியிருக்கு"ன்னு. நான் எல்லார் முன்னாடியும், "அண்ணே, நீங்க மூடியத் திறந்தீங்கல்ல, அதுதான் கெட்டுப்போச்சு"ன்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பேசல. ஒரு துணி எடுத்துட்டு வந்து தரையைத் துடைச்சாரு. ஞாயித்துக்கிழமை ஃப்ளைட் ஏறிப் போயிட்டாரு.

இதை இங்கயே நிறுத்திக்கிறேன். யார் பண்ண தப்புன்னு கடைசியில வரேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு ரெண்டு மூணு விஷயம் தெரியணும்.

இட்லி மாவும் பியரும்

நம்ம வீட்டுல இட்லி மாவு புளிக்க வைக்கிறாங்க. யாராச்சும் ஈஸ்ட் பாக்கெட் பிரிச்சுப் போடுறாங்களா? இல்ல. உளுந்துலயும் அரிசியிலயும் ஏற்கனவே இருக்கிற பாக்டீரியாதான் வேலை பாக்குது. அதுல முக்கியமான ஒண்ணுக்கு லியூகோனோஸ்டாக்னு பேர். அது விடுற கேஸ்லதான் மாவு பொங்குது, அது உண்டாக்குற அமிலத்துலதான் புளிப்பு வருது. அம்மா கையை விட்டுக் கலக்குறாங்க. அங்க கதவு திறந்திருக்கு, வரவேண்டியவங்க வரலாம்.

பியர்ல அப்படி இல்ல. நாம ஒரே ஒரு ஈஸ்ட்டுக்குத்தான் சாப்பாடு போடுறோம். மால்ட்ல இருந்து எடுத்த இனிப்புத் தண்ணி இருக்கு பாருங்க, அதுக்குப் பேர் வோர்ட். அதை ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கும்போது உள்ள இருக்கிற கிட்டத்தட்ட எல்லாம் செத்துடும். ஆனா ஆற வச்சதும் அது சக்கரைப் பந்தல்: இனிப்பு இருக்கு, சத்து இருக்கு, ஆல்கஹால் இன்னும் வரல. நாம போட்ட ஈஸ்ட் பெருகி இடத்தைப் பிடிக்க பல மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில யார் உள்ள வந்தாலும் அவங்களுக்குக் கொண்டாட்டம்.

இது ரொம்பப் பழைய பிரச்சினை. லூயி பாஸ்டர் 1876-ல பியரைப் பத்தி ஒரு புத்தகமே போட்டாரு. பியர் கெட்டுப் போறதுக்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிர்கள்தான்னு அதுல காட்டினாரு. அப்புறம் 1883-ல கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்துல எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைத் தனியாப் பிரிச்சு வளர்த்துக் காட்டினாரு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு தடவையும் ஒரே ருசியில பியர் எடுக்க முடிஞ்சுது.

இதுல இருந்து நமக்கு ஒரு விதி கிடைக்குது. கொதிக்கிறதுக்கு முன்னாடி பாத்திரம் சுத்தமா இருந்தா போதும். கொதிச்சு ஆறினதுக்கு அப்புறம் வோர்ட்டைத் தொடுற ஒவ்வொரு பொருளும் சானிடைஸ் பண்ணியிருக்கணும். கரண்டி, டியூப், புனல், தெர்மாமீட்டர், ஈஸ்ட் பாக்கெட் வெட்டுற கத்தரிக்கோல் உட்பட.

ஒரு ஆறுதல். கெட்டுப்போன பியர் பெரும்பாலும் ருசியைத்தான் கெடுக்கும். ஆல்கஹால், ஹாப்ஸ், கூடவே 4-க்குக் கொஞ்சம் மேல இருக்கிற பிஎச், இந்த மூணும் சேரும்போது நோய்க் கிருமிகள் அதுல தாக்குப்பிடிக்கிறது கஷ்டம். ஆனா மேல பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிச்சிருந்தா யோசிக்காம கொட்டிடுங்க. உண்மையான ஆபத்து பாட்டில் வெடிக்கிறது. சாதாரண ஈஸ்ட் விட்டுவச்ச சக்கரையையும் சில காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தின்னும், மூடின பாட்டிலுக்குள்ள பிரஷர் ஏறிக்கிட்டே போகும். கண்ணாடிச் சில்லு எங்க வேணா போகும்.

எந்தப் பாத்திரம்?

முதல் பேட்ச்சுக்கு நாலு வழி இருக்கு.

ஒண்ணு, பிளாஸ்டிக் பக்கெட். அடியில முக்கோணத்துக்குள்ள 2-ன்னு போட்டிருக்கும். அது எச்டிபிஇ. உணவுக்கு ஏத்ததுன்னு எழுதியிருக்கணும், பெயின்ட் வந்த பக்கெட் எல்லாம் வேண்டாம். விலை கம்மி, வாய் அகலம், கையை உள்ள விட்டுக் கழுவலாம். குறை என்னன்னா கீறல். ஒரு கீறலுக்குள்ள பாக்டீரியா ஒளிஞ்சுக்கிட்டா சானிடைசர் அது வரைக்கும் போகாது. அதனால கம்பி நார், தேங்காய் நார், பச்சை ஸ்க்ரப்பர் எதுவும் உள்ள போகக் கூடாது. மெத்து ஸ்பாஞ்ச் மட்டும்தான். ஒரு ஸ்டீல் கரண்டியை உள்ள போட்டு ஆட்டினாலே கீறல் விழும். எச்டிபிஇ வழியா ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வரும், ரெண்டு மூணு வாரத்துக்குப் பிரச்சினை இல்ல, மாசக்கணக்குல வைக்காதீங்க. வாசனையும் பிடிச்சுக்கும். ஊறுகாய் போட்ட பக்கெட்ல பியர் போட்டா அந்த பியர் ஊறுகாயை ஞாபகம் வச்சிருக்கும்.

ரெண்டு, பெட் பிளாஸ்டிக் கார்பாய். முக்கோணத்துக்குள்ள 1. குறுகின வாய், பெரிய தண்ணி கேன் மாதிரி. லேசு, உடையாது, உள்ள நடக்கிறதைப் பாக்கலாம். ஆனா கொதிக்கிற தண்ணி ஊத்தினா உருவமே மாறிடும். பிரஷ் நுழையாத மூலைகளை ஊறவச்சுத்தான் சுத்தம் பண்ணணும்.

மூணு, கண்ணாடி கார்பாய். பாக்க அழகு. கீறாது, ஆக்சிஜன் விடாது. ஆனா நான் ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். 23 லிட்டர் கண்ணாடி ஜாடி, உள்ள 20 லிட்டர் பியர், மொத்தம் 25 கிலோவுக்கு மேல. கையில சானிடைசர் நுரை, தரையில ஈரம். வழுக்கி உடைஞ்சா கை நரம்பு வரைக்கும் வெட்டும். ஏற்கனவே வச்சிருந்தீங்கன்னா கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்க, அடியில கை கொடுங்க, இல்லன்னா பால் கூடை மாதிரி ஒரு கூடையில வச்சுத் தூக்குங்க. சூடான வோர்ட்டை நேரா ஊத்தாதீங்க, விரிசல் விடும்.

நாலு, நம்ம எவர்சில்வர். இதுக்குன்னே செஞ்ச ஸ்டீல் ஃபெர்மென்டர் வருது. விலை ஜாஸ்தி, ஆனா ஒரு தடவ வாங்கினா முடிஞ்சுது. வெளிச்சமும் போகாது. வெளிச்சம் ஏன் முக்கியம்னா, ஹாப்ஸ்ல இருந்து வர்ற கசப்புப் பொருள்மேல வெயிலோ டியூப் லைட்டோ பட்டா கந்தகம் கலந்த ஒரு வாசனை உண்டாகும், ஸ்கங்க் விடுற நாத்தத்துக்குப் பக்கத்துச் சொந்தம். பியர் பாட்டில் பிரவுன் கலர்ல இருக்கிறதுக்கு இதுதான் காரணம். கண்ணாடியோ பெட்டோ வச்சிருந்தா பழைய டிஷர்ட்டை மாட்டி விடுங்க.

என் ஆலோசனை: புது எச்டிபிஇ பக்கெட், குழாய் இல்லாதது. 15 லிட்டர் பக்கெட்ல 11, 12 லிட்டருக்கு மேல போடாதீங்க. நொதிக்கும்போது நுரை மேல ஏறும், இடம் இல்லன்னா ஏர்லாக் வழியா பொங்கி கூரை வரைக்கும் அடிக்கும். ஏர்லாக்ல குமிழி வரலன்னு பதறவும் வேண்டாம். மூடி லேசா இறுகாம இருந்தா கேஸ் அந்த வழியாப் போயிடும். ஹைட்ரோமீட்டர்தான் உண்மையைச் சொல்லும்.

கழுவறது வேற, சானிடைஸ் பண்றது வேற

இதைத்தான் எல்லாரும் குழப்பிக்கிறாங்க. கழுவறதுன்னா கண்ணுக்குத் தெரியுற அழுக்கை எடுக்கிறது. சானிடைஸ்னா கண்ணுக்குத் தெரியாததைப் பெரும்பாலும் கொல்றது. அழுக்குமேல சானிடைசர் அடிச்சா மேல் பக்கம் மட்டும்தான் நனையும், அடியில இருக்கிறது நிம்மதியாத் தூங்கும். முதல்ல கழுவல், அப்புறம் சானிடைசர். இந்த வரிசை மாறவே கூடாது.

கழுவறதுக்கு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் வேண்டாம். வாசனை ஒட்டும், மிச்சம் இருந்தா பியர்ல நுரை நிக்காது. பிபிடபிள்யூன்னு ஒரு பவுடர் இருக்கு, ஆக்சிஜன் விடுற கார வகை. சூடான தண்ணியில கரைச்சு ஊறவச்சா காய்ஞ்சுபோன நுரை வளையம் தானா உரிஞ்சு வரும். துணிக்குப் போடுற வாசனை இல்லாத ஆக்சிஜன் பவுடரும் இதே மாதிரி வேலை பாக்கும். தேய்க்க வேண்டாம், ஊற விடுங்க. அப்புறம் நல்லா அலசுங்க.

சானிடைசர்ல வீட்டுல பியர் போடுறவங்க அதிகம் வச்சிருக்கிறது ஸ்டார் சான். பாஸ்பாரிக் அமிலம், கூட நுரை விடுற ஒரு அமிலம். லிட்டருக்குச் சுமார் ஒன்றரை மில்லி. சின்ன சிரிஞ்ச் வச்சு அளங்க, கண்ணளவு வேண்டாம். ஒண்ணு ரெண்டு நிமிஷம் நனைஞ்சே இருக்கணும், அவ்வளவுதான். சரியான அளவுல கலந்திருந்தா அலச வேண்டாம். நிறைய நுரை வரும், அந்த நுரைமேலயே வோர்ட்டை ஊத்தலாம். முதல் தடவ எனக்கும் கை வரல, சோப்புத் தண்ணியில பியர் ஊத்துற மாதிரியே இருந்துச்சு. பயப்பட வேண்டாம். அதை அலசுறேன்னு குழாய்த் தண்ணி விட்டாதான் செஞ்ச வேலை வீணாப் போகும்.

பக்கெட் நிறையக் கலக்கணும்னும் இல்ல. ஒரு லிட்டர் கலந்து ஸ்ப்ரே பாட்டில்ல வச்சுக்கோங்க. கொஞ்சத்தை பக்கெட்ல ஊத்தி மூடி போட்டு எல்லாப் பக்கமும் படுற மாதிரி குலுக்குங்க. கலந்து வச்சது கொஞ்ச நாள் இருக்கும், ஆனா பிஎச் 3-க்கு மேல போயிட்டா வேலை செய்யாது. பிஎச் பேப்பர் மலிவுதான், ஒண்ணு வாங்கி வைங்க. பாட்டில்ல வர்ற அடர்த்தியான திரவம் கையிலயோ கண்ணுலயோ படக் கூடாது, கிளவுஸ் போடுங்க. மார்பிள் தரையில சிந்தினா தழும்பு விழும், வீட்டு ஓனர் அங்கிள்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்.

அயோடோஃபார்னு அயோடின் வகை ஒண்ணு இருக்கு. லேபிள்ல சொன்ன அளவுல கலந்தா அதுவும் ரெண்டு நிமிஷத்துல வேலையை முடிக்கும். பிரவுன் கலர் போயிடுச்சுன்னா சக்தி போயிடுச்சுன்னு அர்த்தம், அது ஒரு வசதி. பிளாஸ்டிக்ல மஞ்சக் கறை விடும்.

ப்ளீச்? முடியும், ஆனா நான் தொடறது இல்ல. நல்லா அலசணும். துளி மிஞ்சினாலும் மால்ட்ல இருக்கிற பொருளோட சேர்ந்து ஆஸ்பத்திரி பேண்டேஜ் மாதிரி ஒரு ருசி வரும். எவர்சில்வரை அரிக்கும். முக்கியமா, ப்ளீச்சையும் ஸ்டார் சான் மாதிரி அமிலத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீங்க. குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூம்ல அது விளையாட்டு இல்ல.

30 டிகிரி ஊர்ல

வழக்கமான ஏல் ஈஸ்ட்டுக்கு 18-ல இருந்து 22 டிகிரி பிடிக்கும். நம்ம ஹால்ல எப்பவும் 29, 30. நொதிக்கும்போது அதுவே சூட்டைக் கிளப்பும், உள்ள இன்னும் ரெண்டு மூணு டிகிரி கூடும். அப்ப தின்னர் மாதிரி வாசனை கிடைக்கும். ஒரு வழி, பெரிய டப்ல தண்ணி வச்சு அதுக்குள்ள பக்கெட்டை இறக்கி, ஐஸ் பாட்டில் மாத்தி மாத்திப் போடறது. இன்னொரு வழி, நம்ம சூட்டை விரும்புற ஈஸ்ட். மேற்கு நார்வே பண்ணை வீடுகள்ல தலைமுறை தலைமுறையா வச்சிருந்த க்வெய்க்னு ஒரு குடும்பம் இருக்கு. அதுல வோஸ் வகை 35 டிகிரியிலயும் ஆரஞ்சு வாசனையோட சுத்தமா நொதிக்கும். நான் மூணாவது பேட்ச்ல போட்டது அதுதான்.

ஆனா ஒண்ணு கவனிங்க. ஈஸ்ட்டுக்குப் பிடிச்ச சூடு பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். குளிர் ஊர்ல இருக்கிறவங்க ஒரு நாள் சோம்பலா இருந்தா தப்பிச்சுக்கலாம். இங்க தப்பிக்க முடியாது.

27, 28, 29, 30

சரி, கதைக்கு வரேன். அண்ணன் போன அடுத்த வாரம் மிச்சம் இருந்த பாட்டிலையெல்லாம் ரெண்டு நாள் ஃப்ரிட்ஜ்ல வச்சுக் குளிர விட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு, மேல துண்டைப் போட்டு மூடி ஒவ்வொண்ணா சிங்க்ல திறந்தேன். மொத்தம் 30 பாட்டில். நிரப்பும்போது மூடி மேல மார்க்கர்ல 1-ல இருந்து 30 வரைக்கும் நம்பர் போடறது என் பழக்கம். ஏழுல இருந்து 26 வரைக்கும் எல்லாம் பொங்குச்சு. 27-ஐத் திறந்தேன். மெல்ல ஒரு "ஸ்ஸ்", அவ்வளவுதான். ருசி பாத்தா ஆரஞ்சு வாசனை, சுத்தமா இருந்துச்சு. 28, 29-ம் அப்படியே.

நின்னு யோசிச்சேன். இந்தப் பாட்டில்கள்ல மட்டும் என்ன வித்தியாசம்? ஒரே நாள் காய்ச்சினது, ஒரே பக்கெட், ஒரே மாதிரி கழுவின பாட்டில், ஒவ்வொண்ணுலயும் அளந்து போட்ட ரெண்டு கிராம் சக்கரை. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. 26 பாட்டில் ஆனதும் ஈஸ்ட் வண்டல் குழாயை அடைச்சுக்கிச்சு. கடைசி நாலு பாட்டிலை மேல இருந்து சைஃபன் டியூப் போட்டு நிரப்பினேன்.

இப்ப லாஜிக்கைப் பாருங்க. அண்ணன் மூடியைத் திறந்ததால கெட்டிருந்தா பக்கெட் முழுக்கக் கெட்டிருக்கணும், முப்பதும் பொங்கியிருக்கணும். பக்கெட்ல இருந்த பியர் நல்லாத்தான் இருந்திருக்கு. குழாய் வழியா வெளிய வந்தது மட்டும்தான் கெட்டிருக்கு.

குழாயைக் கழட்டினேன். வாங்கினதுல இருந்து நான் அதைக் கழட்டினதே இல்ல, பக்கெட்டோட சேர்த்துச் சானிடைசர் ஊத்தினேன், அவ்வளவுதான். மரைக்குள்ள, வாஷருக்குப் பின்னாடி, திருகுற உருளைக்குள்ள எல்லாம் பிரவுன் கலர்ல பிசுக்கு. மூக்கை வச்சுப் பாத்தா அதே பழைய மோர் வாசனை. அதைவிட மோசம், நான் ஹைட்ரோமீட்டருக்கு சாம்பிள் எடுத்ததும் அந்தக் குழாய் வழியாத்தான். எடுத்துட்டு அப்படியே விட்டுடுவேன். குழாய் மூக்குல ஒட்டின இனிப்பு 30 டிகிரியில நாலஞ்சு நாள் சும்மா கிடந்திருக்கு. அதுக்கப்புறம் அதன் வழியா 26 பாட்டில் நிரப்பியிருக்கேன். முதல் ரெண்டு பேட்ச்சுக்கும் இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கும், நான் பழியைச் சூட்டுமேல போட்டேன்.

ஆபீஸ்ல சர்வர் விழுந்தா லாக் பாக்காம யாரையும் கை காட்டக் கூடாதுன்னு ஜூனியர்ஸுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். வீட்டுல எட்டு பேர் முன்னாடி, என்னைவிடப் பன்னெண்டு வயசு மூத்தவரை, அதுவும் வேலை போய் ஊருக்குக் கிளம்புற ராத்திரி, கை காட்டினேன்.

அன்னிக்கே போன் பண்ணினேன். மூடி இல்ல அண்ணே, குழாய், என் தப்புதான்னு எல்லாத்தையும் சொன்னேன். மன்னிச்சுக்கோங்கன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தம்பி, நான் கேட்டரிங் கிச்சன்ல வேலை பாத்தவன். குழாயத் தினமும் கழட்டிக் கழுவுவோம். அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன், நீ கோவமா இருந்த"ன்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. "ஒரு நல்ல பாட்டில் மிச்சம் இருக்கு அண்ணே, உங்களுக்குத்தான்"னேன். "அதைக் கொண்டு வந்து என்னை மாட்டி விட்டுடாத. நீயே குடி. குழாய மட்டும் ஒழுங்காக் கழுவு"ன்னு சிரிச்சாரு.

30-ஆம் நம்பர் பாட்டில் இன்னும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. திறக்க மனசு வரல.

போறதுக்கு முன்னாடி

ஆரம்பிக்கிறவங்க எழுதி வச்சுக்க:

குழாய் இல்லாத பக்கெட், கூட ஒரு ஆட்டோ சைஃபன். குழாய் இருந்தா ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முழுசாக் கழட்டிக் கழுவி, சானிடைஸ் பண்ணி மாட்டுங்க. அதுல சாம்பிள் எடுத்தா எடுத்த உடனே மூக்குக்குள்ள சானிடைசர் ஸ்ப்ரே அடிங்க, பாட்டில் நிரப்புறதுக்கு முன்னாடி மறுபடியும் அடிங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா ரப்பர் வாஷர், டியூப் ரெண்டையும் புதுசா மாத்துங்க. பக்கெட் உள்ள விரல் நகத்தால தடவிப் பாருங்க. நகம் மாட்டுற கீறல் இருந்தா அந்தப் பக்கெட் செடி வைக்க ஆகும், பியருக்கு ஆகாது.

ஹைட்ரோமீட்டர் ரெண்டு மூணு நாள் ஒரே எண்ணைக் காட்டினதுக்கு அப்புறம்தான் பாட்டில்ல அடைங்க. ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரே ஒரு பாட்டிலை மட்டும் காலி சோடா பிளாஸ்டிக் பாட்டில்ல நிரப்புங்க. தினமும் அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி ஆனதும் எல்லாத்தையும் ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க. அதுக்கப்புறமும் பொங்கினா, கெட்டது எதுன்னு தேட ஆரம்பிங்க.

அப்புறம், பாட்டில் மூடியில நம்பர் போடுங்க. அந்த நம்பர் மட்டும் இல்லன்னா அண்ணன்தான் கெடுத்தாருன்னு நான் இன்னிக்கும் நம்பிட்டு இருப்பேன்.

அடுத்த எபிசோட்ல ஹைட்ரோமீட்டரைப் படிக்கிறது எப்படின்னு பேசலாம். கேள்வி இருந்தா அனுப்புங்க. அளவாக் குடிங்க, குடிச்சுட்டு வண்டி எடுக்காதீங்க. வரட்டா மக்களே.